செத்த காலேஜில் திருநெல்வேலி மாமா

எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்னையின் பழைய மனிதர்கள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. 1851-இல் தொடங்கியபோது அதற்கு இடம் கிடைத்தது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில். ஆரம்ப முதலீடு, மதராஸ் இலக்கியச் சங்கம் சேர்த்து வைத்திருந்த 1,100 கல் மாதிரிகள். இலக்கியச் சங்கம் எதற்காகக் கல் சேர்த்தது என்று கேட்காதீர்கள். கூட்டத்தில் எழுந்து கவிதை வாசித்த அனுபவம் உள்ளவர்களுக்கு அது புதிராகவே தோன்றாது.

மூன்று வருடம் கழித்து, 1854-இல், அருங்காட்சியகம் பாந்தியன் சாலைக்கு ஜாகை மாறியது. கல்லூரி பழைய இடத்திலேயே நின்றுவிட, ‘காலேஜ்’ மட்டும் கூடவே வண்டியேறி வந்துவிட்டது. புது இடத்தின் பூர்வ கதை இன்னும் ருசியானது. பாந்தியன் என்பது கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்கள் கூடி விருந்து சாப்பிட்டு, நாடகம் பார்த்து, ஜோடி சேர்ந்து நடனமாடிய மாளிகை. அவர்கள் ஆடி ஓய்ந்த தோட்டத்தில்தான் இன்று சோழர் காலத்து நடராஜர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டத்துக்கென்றே நேர்ந்துவிட்ட மனை போலிருக்கிறது.

முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். தொழிலால் அறுவை மருத்துவர். அதனால் பதில் சொல்லாத பொருள்களோடு பழகுவது அவருக்குப் புதிதல்ல. ஆனால் கல்லைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? உயிருள்ள மிருகத்தைக் கட்டிவைத்தால் ஜனம் திரள்கிறது என்று கண்டுகொண்டார். கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களை வாங்கி, 1855-இல் வளாகத்துக்குள்ளேயே ஒரு மிருகக்காட்சி சாலையைத் தொடங்கிவிட்டார். அது 1863-இல் பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985-இல் வண்டலூருக்கும் போனது. ஜனங்களின் வாயில் அதன் பெயர் ‘உயிர் காலேஜ்’. ஆகவே, கலையைக் காட்ட வேண்டுமானால் பக்கத்தில் ஒரு புலியைக் கட்ட வேண்டும் என்பது இந்த ஊர் அருங்காட்சியக இயலின் முதல் பாடம்.

இப்போது புலி இல்லை. அந்த இடத்துக்குச் சொற்பொழிவு வந்திருக்கிறது.

கலை பற்றிய பேச்சு, சிறப்புக் கண்காட்சித் தொடக்கம், ‘ஓவியருடன் ஓர் உரையாடல்’ என்று எது நடந்தாலும் விடாமல் போகிற கூட்டம் ஒன்று சென்னையில் உண்டு. நானும் அதில் ஒருவன். மே 18 உலக அருங்காட்சியக நாள் என்றால் அன்றைக்கும் போவோம். அகில உலகமும் கூடிப் பேசி நாள் குறித்திருக்கிறது, சென்னையில் அது கத்திரி வெயிலின் நட்டநடு. அன்று கலை ஆர்வம் ஒரு மடங்கு என்றால் ஏசி ஆர்வம் இரண்டு மடங்காக இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெயிலுக்கு ஒதுங்கிய இடத்தில் அர்த்தநாரீசுவரரைப் பார்த்தவன், வெயிலே இல்லாத வீட்டில் சீரியல் பார்த்தவனைவிட எவ்வளவோ மேல்.

இந்தப் பேச்சுகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. எந்த அரங்கம் என்று சொல்லமாட்டேன், அடுத்த அழைப்பு வராது. அழைப்பில் மாலை ஆறு என்று போட்டிருக்கும். ஆறே காலுக்குக் குத்துவிளக்கைக் கொண்டு வருவார்கள். ஐந்து முகத்துக்கு ஐந்து பிரமுகர்கள். மெழுகுவத்தி அணைந்துவிடும் என்று மின்விசிறிகளை நிறுத்துவார்கள். விளக்கு எரியத் தொடங்கியதும் பிரமுகர்கள் நகர்ந்துவிட, மறுபடி விசிறியைப் போடுவார்கள், விளக்கு அணைந்துவிடும். வரவேற்புரையாளர், பேச வந்தவர் என்ன பேசப் போகிறாரோ அதில் பாதியைப் பேசிவிடுவார். மீதிப் பாதியைத் தலைமையுரை கவனித்துக்கொள்ளும். அதன்பின் பொன்னாடை. அதன்பின் பேச்சாளர் எழுந்து, “எல்லாவற்றையும் முன்னவர்களே சொல்லிவிட்டார்கள்” என்று உண்மையைச் சொல்லித் தொடங்குவார். அவையடக்கம் என்று நினைத்துக் கை தட்டுவோம்.

படங்கள் காட்ட வேண்டும் என்றால் விளக்குகளை அணைக்க வேண்டும். அணைத்த கையோடு முன்வரிசையில் ஒரு தலை சாயும். “அடுத்த ஸ்லைடு ப்ளீஸ்” என்றதும் வருவது அதற்கு அடுத்த ஸ்லைடாக இருக்கும். நடராஜர் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு ஆடுவார். யாரோ ஒரு பையன் ஓடி வந்து அவரை நிமிர்த்துவான்.

கேள்வி நேரம்தான் உச்சம். கேள்வி கேட்பவர்களில் நான்கு ஜாதி உண்டு. “இது கேள்வி இல்லை, ஒரு சின்னக் கருத்து” என்று எழுந்து, பேச்சாளரைவிட அதிக நேரம் பேசுகிறவர் முதல் ஜாதி. எந்த நூற்றாண்டு என்று கேட்டு, பதினொன்று என்று பதில் வந்தால் “எனக்கென்னவோ ஒன்பது என்று படுகிறது” என்கிறவர் இரண்டாவது. ஒன்பது என்று சொல்லியிருந்தால் ஏழாக்கியிருப்பார். “எங்கள் ஊர்க் கோயிலில் இதைவிடப் பழசு இருக்கிறது, யாரும் வந்து பார்ப்பதில்லை” என்கிறவர் மூன்றாவது. இவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது, பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். நான்காவது ஜாதி ஒரே ஒரு கேள்வி கேட்கும்: “சார், இன்றைய மார்க்கெட்டில் இது என்ன விலை போகும்?”

இந்த நான்கிலும் சேராத ஒருவரை நான் கூட்டிப்போக நேர்ந்தது. அவர் என் அம்மாவின் தம்பி. வருவாய்த் துறையில் ஜூனியர் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, திருநெல்வேலிச் சீமையின் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டு, தாசில்தாராக ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவைக்குச் சென்னைக்கு வந்திருந்தார். கட்டுப் பிரித்துச் சில நாள் ஆனதும், “மருமவனே, புது லென்சு வெச்சிருக்கேன். இத வெச்சுக்கிட்டு உங்க வீட்டுச் சுவத்தையே எத்தன நாளு பாக்க? நல்லதா எதையாவது காட்டு” என்றார்.

கூட்டிப்போனேன். படிமக்கூடத்து வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

“ஐயா, செருப்போடயே போகலாம்” என்றார் காவலர்.

“உள்ள இருக்கது சாமிதானே?”

“ஆமாங்க.”

“பொறவு என்ன?” என்று வெறுங்காலோடு நடந்துவிட்டார். உள்ளே முதல் சிலையைப் பார்த்ததும் முகம் வாடியது. “என்ன மருமவனே, ஒரு பூ இல்ல, பட்டு இல்ல. அபிஷேகம் முடிஞ்சு அலங்காரத்துக்கு முந்தி திரை போட்டிருப்பாவள்ளா, அந்த நேரத்துல உள்ள நொழஞ்ச மாதிரி இருக்கு.”

கலை வரலாற்று ஆசிரியர்கள் இதைச் சொல்லப் பத்துப் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். கோயிலில் இந்தச் செப்புத் திருமேனிகள் உற்சவ மூர்த்திகள். பீடத்தில் இருக்கும் துளைகளில் கம்பு கோத்துத் தூக்கி வீதிக்குக் கொண்டுவருவார்கள். வெளியே வரும்போது பட்டுக்கும் மாலைக்கும் நடுவே முகமும் கைகளும் தெரிந்தால் பெரிது. ஸ்தபதி தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பிசைந்து உருவம் பிடித்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து எடுக்கிறான். அச்சு உடைந்துவிடுவதால் இரண்டாவது பிரதி கிடையாது. அப்படிச் செய்த இடுப்பின் வளைவும் முழங்காலின் மடிப்பும் அர்ச்சகர் ஒருவர் கண்ணுக்குத்தான் படும். எழும்பூரில் முதல்முறையாக எல்லாரும் அர்ச்சகர்.

மாமாவுக்கு அது பிடிபட்டதும் வேகம் கூடிவிட்டது. மூக்கு கண்ணாடியில் ஒட்டும் அளவுக்குக் குனிந்தார். “அம்பது வருசமா நெல்லையப்பர் கோயில்ல சேவிக்கேன். உற்சவருக்குக் கால்வெரல் இருக்குன்னே இன்னைக்குத்தான் தெரியுது. நெகம்கூட வெச்சிருக்கான் பாரு.”

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் வெகுநேரம் நின்றார். உலகம் முழுக்கக் கலைப் புத்தகங்களில் வருகிற சிலை. வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. சிவன் பக்கம் இரண்டு கை, உமை பக்கம் ஒரே கை. மொத்தம் மூன்று கையோடு சிலை எப்படித் தடுமாறாமல் நிற்கிறது என்பதுதான் அந்த ஸ்தபதியின் கெட்டிக்காரத்தனம் என்று நான் எங்கோ கேட்டதை எடுத்துவிட்டேன்.

“அதுல ஒண்ணும் கெட்டிக்காரத்தனம் இல்ல” என்றார் மாமா. “ஆம்பள ரெண்டு கையால பாக்க வேலய உங்க அத்த ஒத்தக் கையால பாத்துருவா. அவன் வீட்டுலயும் அப்படித்தான் இருந்திருக்கும்.”

பிறகு விவரப் பலகைகளைப் படிக்கத் தொடங்கினார். அங்கேதான் தாசில்தார் விழித்துக்கொண்டார். சாதாரண மனிதர்கள் நூற்றாண்டைப் பார்ப்பார்கள். மாமா ஊரையும் மாவட்டத்தையும் பார்த்தார். “திருவெண்காடு அந்தக் காலத்துல தஞ்சாவூர் ஜில்லா. தொண்ணூத்தொண்ணுல நாகப்பட்டினம். ரெண்டாயிரத்து இருபதுல மயிலாடுதுறை. தாலுகா சீர்காழி, அது மாறல.” அர்த்தநாரீசுவரருக்கே இந்த விவரம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

திருவாலங்காட்டு நடராஜரிடம் வந்தோம். நாலடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். சுற்றி இருக்க வேண்டிய தீச்சுடர் திருவாசி இல்லை, பறக்கும் சடை இல்லை. இல்லாததே நல்லதாகிவிட்டது, கண் நேராக உடம்பின் அசைவுக்குப் போகிறது. திருவாலங்காடு ரத்தின சபை, எங்கள் திருநெல்வேலி தாமிர சபை. ஐந்து சபைகளில் இரண்டின் பிரதிநிதிகள் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்ட அந்த நேரத்தில் நான் கொஞ்சம் ஒதுங்கி நின்றேன்.

“ஆலங்காடு மொதல்ல வட ஆற்காடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணுல சித்தூர் ஜில்லா உண்டாச்சு, அதுல போச்சு. அம்பத்து மூணுல சித்தூரோட ஆந்திரா. அறுபதுல திருத்தணிய நமக்குத் திருப்பிக் குடுத்தான்லா, அப்ப செங்கல்பட்டு. தொண்ணூத்தேழுல திருவள்ளூர்.” விரல்விட்டு எண்ணிவிட்டுச் சிலையை நிமிர்ந்து பார்த்தார். “இவரு தூக்கின கால இன்னும் எறக்கல. அதுக்குள்ள ஊரு ரெண்டு மாநிலம் சுத்தி வந்துட்டு.”

இந்த நடராஜரைப் பற்றி ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். சிற்பி ரோடின். சென்னை அருங்காட்சியகத்து நடராஜர்களின் புகைப்படங்களை 1913 வாக்கில் பார்த்துவிட்டு உருகி உருகி எழுதினார். அது அச்சில் வந்தது 1921-இல், அவர் இறந்து நாலு வருடத்துக்குப் பிறகு. சிலையை நேரில் அவர் பார்த்ததே இல்லை. மாமாவுக்கு இது நம்பும்படியாக இல்லை. “போட்டோவப் பாத்தா எழுதினான்? ஸ்பாட் இன்ஸ்பெக்சன் கெடையாதா?” புகைப்படத்தைப் பார்த்தே அவ்வளவு எழுத ரோடினாக இருக்க வேண்டும். நாமெல்லாம் ஸ்பாட் இன்ஸ்பெக்சனுக்கே போய், நடராஜருக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுத்துக்கொண்டு திரும்பி விடுகிறோம். பார்க்கப்போனால் நம்மை நடராஜர்தான் பார்த்திருக்கிறார்.

பார்வையாளர்களே காட்சிப் பொருளான காலமும் இந்த வளாகத்துக்கு உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை இங்கே மேற்பார்வையாளராக இருந்தார். சிலையையும் செடியையும் அளந்து முடித்த பிறகு மனிதர்களை அளக்கப் புறப்பட்டார். மண்டை நீளம், மூக்கு அகலம் என்று கருவியை வைத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களையும் விடவில்லை, மலைமலையாக அலைந்தும் அளந்தார். வயநாட்டில் பணியர் பெண்கள் இவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்லவளாக ஒருத்தியைப் பிடித்துப் பாடம் பண்ணி மதராஸ் மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று பயம். இதை அவரே 1909-இல் வந்த தன் ஏழு தொகுதிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். வேடிக்கையாக எழுதியிருக்கிறார், ஆனால் ஓடிய பெண்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மூக்கை அளந்து மனிதனைத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்பிய ஒருவரைக் கண்டால் ஓடுவதுதான் அறிவு.

அமராவதிக் கூடத்தில் மாமா அதிக நேரம் நிற்கவில்லை. வால்டர் எலியட் 1845-இல் தோண்டியெடுத்த பௌத்தச் சிற்பங்கள், ஒரு பகுதி லண்டனுக்குப் போய் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, மீதி இங்கே. இங்கே இருந்தவற்றையும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவரில் சிமெண்ட் வைத்துப் பதித்துவிட்டார்கள். ஒட்டியதைப் பிரிப்பது பின்னால் வந்த தலைமுறைகளுக்குத் தலைவலியாயிற்று. “அப்பப்பம் அதிகாரிக்குத் தோணுனத செய்வான், அடுத்தவன் அனுபவிப்பான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். முப்பது வருட அரசுப் பணி அந்த வாக்கியத்தில் இருந்தது.

அவர் அசைய மறுத்த விஷயம் வேறொன்று. பல சிலைகளுக்குப் ‘புதையல்’ என்று பூர்வீகம் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலிக் காபூரின் படை தெற்கே இறங்கிய காலத்திலும் அதற்குப் பிறகும் பயந்துபோய்ப் புதைத்துவைத்தவை பல என்கிறார்கள் ஆய்வாளர்கள். புதைத்தவர்கள் இடத்தைச் சொல்லாமல் போய்விட்டார்கள். அறுநூறு எழுநூறு வருடம் கழித்து, வீட்டுக்கு வானம் தோண்டினவனும் வயலில் மண் வெட்டினவனும் கடப்பாரை ‘ணங்’ என்று பட்டதும் திகைத்து நின்றிருக்கிறார்கள்.

“இது நம்ம டிபார்ட்மெண்டு” என்றார் மாமா, குரலில் புதுத் தெம்போடு. “ட்ரெஷர் ட்ரோவ் ஆக்ட், ஆயிரத்து எண்ணூத்து எழுவத்தெட்டு. மண்ணுக்கடியில கெடந்தது பத்து ரூவா மதிப்புக்கு மேல போச்சுன்னா கலெக்டருக்கு எழுதணும். யாரும் உரிமை கோரி வரலைன்னா கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நெலத்துக்காரனுக்குக் கால் பங்கு. கவர்மெண்டே எடுத்துக்கிடணும்னா எடுத்துக்கிடலாம், விலை குடுத்துரணும்.”

“என்ன விலை மாமா?”

“உலோகத்துக்கு என்ன மதிப்போ அது. அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு.”

இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றார். சட்டத்தின் கண்ணில் சோழர் கலைக்கு விலை, எடைக்கு எடை செம்பின் விலையோடு இருபது சதவீதம்.

அந்த வாரமே வேறொரு அரங்கத்தில் சோழர் படிமங்கள் பற்றி ஒரு சொற்பொழிவு இருந்தது. மாமாவையும் கூட்டிப்போனேன். பொன்னாடை வரை பொறுமையாக இருந்தார். இருட்டில் ஸ்லைடுகள் ஓடின. பேச்சாளர் நன்றாகவே பேசினார். கேள்வி நேரத்தில் வழக்கம்போல நான்காவது ஜாதி எழுந்து விலை கேட்டது. பேச்சாளர் ஸ்ரீபுரந்தான் கதையைச் சொன்னார். அரியலூர் மாவட்டத்துக் கோயிலிலிருந்து திருட்டுப்போன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது, திருட்டு என்று தெரிந்து 2014-இல் அவர்கள் பிரதமரே கொண்டுவந்து கொடுத்தார் என்று முடித்தார். சபை பெருமூச்சு விட்டது.

மாமா எழுந்தார். மைக்கை வாங்கி, ஊரும் பேரும் வகித்த பதவியும் சொன்னார்.

“அஞ்சுல ஒரு பங்கு சேத்தாலும் அம்புட்டு வராதே? அவன் கிலோவுக்கு எம்புட்டுப் போட்டான்?”

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. மாமா சிரிக்கவில்லை, அவர் நிஜமாகவே கேட்டார். பேச்சாளர் கெட்டிக்காரர், 1878-ஆம் வருடச் சட்டத்தை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசினார். அன்று மாலை உருப்படியாக நடந்த பத்து நிமிடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்து நாற்காலிக்காரரும் விழித்துக்கொண்டார்.

நவீன ஓவியம் பக்கம் மாமாவை அழைத்துப் போகத் தயங்கினேன். ஒரு கண்காட்சிக்குக் கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியம் ஒன்று வந்திருந்தது. பணிக்கர் யார் என்றால், சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1966-இல் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தை உண்டாக்கியபோது முன்னால் நின்றவர். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் கடற்கரையோரம் மனை வாங்கிய கலைஞர்கள் அவர்கள். இன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலை கேட்டால் பணிக்கரின் தீர்க்கதரிசனம் ஓவியத்தோடு நிற்கவில்லை என்பது புரியும். அறுபதுகளில் அவர் வரையத் தொடங்கிய இந்த வரிசையில் கட்டங்கள், எண்கள், எந்த மொழியிலும் சேராத எழுத்துகள், நடுநடுவே ஒரு பறவை, ஒரு பாம்பு இருக்கும். விமரிசகர்கள் அதற்கு முன்னால் நின்று தலையை ஒரு பக்கம் சாய்ப்பார்கள்.

மாமா தலையைச் சாய்க்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தார்.

“மாமா, அது படிக்கிறதுக்கு இல்ல. சும்மா எழுத்து மாதிரி போட்டிருக்கார்.”

“எழுத்து மாதிரி போட்டா படிக்காம என்ன செய்ய?” விரலைக் காற்றில் ஓட்டினார். “இது சாதகம். கட்டம் போட்டிருக்கான். கெரகத்தையும் எழுதியிருக்கான். லக்னத்தத்தான் காணல.” இன்னும் கொஞ்சம் குனிந்தார். “யாருடைய சாதகமோ, நல்ல சாதகம். நெறம் எல்லாம் செழிப்பா இருக்கு. ஆனா எழுதினவன் நமக்குத் தெரியப்புடாதுன்னு எழுதியிருக்கான். எங்க ஊரு கர்ணம் அடங்கல் இப்படித்தான் எழுதுவாரு.”

அந்த ஓவியங்களின் ஊற்றுகளில் ஜாதகக் கட்டமும் உண்டு என்பதையும், ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்ததில் பணிக்கருக்கு அந்த யோசனை பிறந்தது என்பதையும் நான் பல சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறேன். மாமா எந்தச் சொற்பொழிவும் இல்லாமல் பாதி தூரம் போய்விட்டார்.

அதற்காகச் சொற்பொழிவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சென்னை அருங்காட்சியகத்தில் கிராவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் 1932-இல் படிமங்களைப் பட்டியலிட்டு வகைப்படுத்தியதும், சி. சிவராமமூர்த்தி அமராவதிச் சிற்பங்களை அங்குலம் அங்குலமாகப் பார்த்து 1942-இல் எழுதியதும் இல்லாவிட்டால், திரிபங்கம் எது, அதிபங்கம் எது என்று நமக்கு யார் சொல்வார்கள்? அவர்கள் பேசியது பொருளைப் பார்த்த பிறகு. நாம் பேச்சைக் கேட்ட பிறகும் பொருளைப் பார்ப்பதில்லை. இருட்டு அரங்கத்தில் ஒன்றரை மணி நேரம் ஸ்லைடு பார்த்துவிட்டு, சமோசாவையும் டீயையும் முடித்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கிறோம்.

என்னைக் கேட்டால், மேடையும் விளக்கும் பொன்னாடையும் இல்லாமல், ஒரே ஒரு சிலைக்கு முன்னால் இருபது பேர் நின்றுகொண்டு கால் மணி நேரம் கேட்கிற பேச்சுதான் பேச்சு. பேசுகிறவர் பேராசிரியராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அன்றைக்குப் படிமக்கூடத்தில் நாங்கள் கிளம்பும்போது, வாசலில் மாமாவிடம் செருப்பைப் பற்றிச் சொன்ன அதே காவலர் பின்னாலேயே வந்தார். “ஐயா, எல்லாரும் முன்னாடி மட்டும் பாத்துட்டுப் போயிடுறாங்க. நீங்க பின்னாடி ஒரு தடவ பாருங்க” என்று சொல்லிவிட்டு ஸ்டூலுக்குத் திரும்பிவிட்டார். பின்னால் போய்ப் பார்த்தோம். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் முதுகெலும்பின் பள்ளத்தையும் இடுப்புத் துணியின் முடிச்சையும் அந்த ஸ்தபதி விட்டுவைக்கவில்லை. நான் கேட்ட கலைச் சொற்பொழிவுகளிலேயே மிகச் சிறியது அது, மிகச் சிறந்ததும் அதுதான்.

எந்தச் சொற்பொழிவு அழைப்பு வந்தாலும் போங்கள். நன்றியுரை தொடங்கும்போது நாகரிகமாக எழுந்து வந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் அந்த வாரத்துக்குள் எழும்பூருக்கு ஒரு நடை போய், கேட்டதை நேரில் பாருங்கள், முடிந்தால் பின்புறமாகவும். வீட்டில் சர்வீஸ் முடித்த தாசில்தார் யாராவது இருந்தால் கூட்டிப்போங்கள், வழிகாட்டி தனியாகத் தேவைப்படாது. சாமி பார்க்கிற நாளாயிற்றே என்று வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள். அருங்காட்சியகத்துக்கு அன்றுதான் விடுமுறை.